கெல்டிக் பாட்டும் என் வீட்டுக்காரியும்

பேச்சு போன பிறகும் என் மனைவிக்குக் கோபம் மட்டும் போகவில்லை. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, வாயில் ஒரு சொல் வராமல் கிடந்தபோதும், சோற்றில் உப்புக் குறைந்தால் தட்டை இடது கையால் தள்ளிவிடுவாள். சோறு நான் ஆக்கியது. “சரி, திங்காத போ” என்று நானும் கத்துவேன். கத்திவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுவேன். அவள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் குழம்பு கொதிக்கும்போது, உப்புச் சரியா என்று கேட்க ஆள் தேடுகிறேன்.

அவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடுவாள், பால் கரைத்துக்கொண்டே பேசுவாள். வீட்டுக்கு வந்தால் கறிச்சட்டியோடு பேச்சு, முற்றத்துக் கோழியோடு பேச்சு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நாள் முழுக்கப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தால் எனக்கு வாயைத் திறக்கவே மனம் வராது. “நம்ம ரெண்டு பேருக்குமாச் சேத்து நானே பேசிக்கிறேன், நீங்க தேத்தண்ணியக் குடிங்க” என்பாள். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

என்னை அவள் கூப்பிடுவது “இந்தாங்க” என்று. அந்த ஒரு சொல்லை அவள் எத்தனை விதமாகச் சொல்வாள்! சோறு ஆகிவிட்டது என்றால் ஒரு மாதிரி. தேயிலைக்குள்ளிருந்து பாம்பு ஏறி வந்துவிட்டது என்றால் வேறு மாதிரி. பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், அந்த “இந்தாங்க” ரோடு வரைக்கும் கேட்கும். பக்கவாதம் வந்த பிறகு எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நடக்காவிட்டால் போகட்டும், கை வராவிட்டாலும் போகட்டும். ஒரே ஒரு தடவை “இந்தாங்க” என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தேன். கோயிலுக்குப் போனாலும் அதைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பழக்கமான பாட்டுகளைப் போட்டுக் கேட்க வையுங்கள், சில பேருக்கு அதனால் பேச்சு திரும்பும் என்று டொக்டர் சொன்னார். மகள் என் போனில் பழைய சினிமாப் பாட்டுகளாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். முதல் பாட்டு தொடங்கியதும் இவள் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை குழந்தைகளைத் தூங்க வைத்த பாட்டு அது! கூடவே பாட வாயைத் திறந்தாள். “ஆ... ஆ...” என்று காற்றுத்தான் வந்தது. பாட்டுக்காரி பாட்டுக்கு அவள் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். இவள் ஒவ்வொரு வரியையும் எட்டிப் பிடிக்கப் பார்த்து, ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். கடைசியில் போனைப் பிடுங்கிச் சுவரில் வீசி அடித்தாள். கண்ணாடி கீறிப்போனது. “பாட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், எடுத்துட்டுப் போ” என்று மகளிடம் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

அதற்குப் பிறகு வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. ஒரு மத்தியானம், வெளியே நல்ல மழை. நான் ஒரு பட்டிமன்றத்தைப் போட்டுப் போனை அலமாரியில் வைத்துவிட்டு, அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டிமன்றம் முடிந்து, போன் தன்பாட்டுக்கு வேறு எதற்கோ தாவிவிட்டது. வயலின் மாதிரி ஒன்று தனியாகத் தொடங்கியது. எண்ணெய்க் கையோடு எழுந்து பார்த்தேன். படத்தில் மலை, மூடுபனி, கருங்கல் சுவர். அட, இது நம்ம அப்புத்தளைப் பக்கம் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் தேயிலையைக் காணோம், ஆடு மேய்கிறது. கீழே ‘கெல்டிக்’ என்று போட்டிருந்தது. அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துச் சங்கீதமாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஸ்கொட்லாந்து! எங்கள் பாட்டன் பூட்டன்மாரை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து இந்த இலங்கை மலையில் இறக்கி, வேலை வாங்கி, தோட்டங்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயரையும் வைத்துவிட்டுப் போன துரைமாரில் எத்தனை பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்! “முதுகுல ஏறுனது போதாதுன்னு காதுலயும் ஏற வந்துட்டானுங்களா” என்று திட்டிக்கொண்டே நிறுத்தப் போனேன். என் வேட்டியை எதுவோ பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தால் அவள் இடது கை. வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறாள். கண்ணில் கோபம் இல்லை, அழுகை இல்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் நானும் உட்கார்ந்து கேட்க வேண்டியதாகிவிட்டது. தனி வயலினுக்குக் கீழே ஒரு சத்தம் மெதுவாக வந்து சேர்ந்தது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் ஒரே சுருதியை விடாமல் ஊதுவாரே, ஒத்து என்போமே, அதே மாதிரி. துரைமார் ஊர்த் தோல்பை வாத்தியம் அது. பையை இடுக்கிக்கொண்டு ஊதினால் ஒரு குழல் மெட்டை வாசிக்கும், மற்றக் குழல்கள் ஒரே சுருதியில் நிற்கும். மெட்டு எங்கே போனாலும் அந்தச் சுருதி வீட்டிலேயே இருக்கும். அப்புறம் ஒரு தகரக் குழல் சேர்ந்தது, படத்தில் மட்டும் பார்த்திருக்கிற யாழ் போல ஒன்று சேர்ந்தது. ஒரு கட்டத்தில் ஏகப்பட்ட வயலின்கள் ஒன்றாக எழும்பின. வாத்தியார் வேலை பார்த்தவன், எதற்கும் லேசில் தலையாட்டி ஒப்புக்கொள்கிறவன் இல்லை நான். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அழுதேன்.

ஏன் அது எங்களைப் பிடித்துக்கொண்டது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். முதலாவது, அதில் சொல் கிடையாது. சொல் இருந்தால்தானே சொல்ல முடியவில்லை என்று துடிக்க வேண்டும்? அந்தப் பாட்டுக்கு முன்னால் அவளும் நானும், பேச்சு உள்ளவனும் இல்லாதவளும், ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு நோய் வந்த பிறகு நாங்கள் சரிசமமாக இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். பிறகு அந்த மெட்டுகள் போகிற விதம். புதிதாக எதையும் சொல்ல அவசரப்படுவதில்லை. ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வரும், ஒரு சின்ன வளைவை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் புறப்படும். தொட்டிலை ஆட்டிப் பழகினவளுக்கு அது தெரிந்த நடை. தகரக் குழல் வந்தால் அவள் இடது கை தானாக ஆடத் தொடங்கிவிடும், முன்னால் ஒரு தொட்டில் தொங்குகிற மாதிரி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேடிப் படித்துப் பார்த்தேன். அந்த ஊரிலும் ஏழைச் சனங்களை நிலத்தை விட்டுத் துரத்தியிருக்கிறார்கள், கப்பலில் ஏற்றி எங்கெங்கோ அனுப்பியிருக்கிறார்கள். போனவர்கள் எடுத்துப் போன மெட்டுகளாம் சில. அதற்குப் பிறகு என்னால் அவர்களைத் திட்ட முடியவில்லை. துரைமார் கணக்கு வேறு, இந்த மெட்டுக்காரர்கள் கணக்கு வேறு என்று வைத்துக்கொண்டேன். “அப்பா இப்ப துரையாயிட்டாருடி, காலையிலயே பைப் ஊதுறாரு” என்று மகள் யாரோ சிநேகிதியிடம் போனில் சிரித்தாள். சிரிக்கட்டுமே!

பதுளைக் கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், பொறுமைசாலி. படங்களைக் காட்டி, மணியை ஆட்டி, எதையெல்லாமோ செய்வாள். ஒரு நாள் என்னைக் கைகாட்டி, “அம்மா, இவர் உங்களுக்கு ஆர்? இவற்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்” என்றாள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, இன்னும் வரேல்லை” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “வரலன்னு சொல்லாதீங்க மிஸ். நல்லா இருந்தப்பவே அவ சொன்னதில்ல” என்றேன். எங்கள் பக்கத்தில் கட்டினவன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். இவள் அதில் படு கெட்டி. யாராவது அலுவலகத்தில் புருஷன் பெயரைக் கேட்டால் மகளை இடித்துவிட்டு, “நீ சொல்லுடி” என்பாள். மகள் இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத பொம்பிளையிடம் சைகை காட்டிக் கூத்தடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு அப்படியா? நாங்கள் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். பீலிக்கரையில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டே என் பெயரைச் சொல்லி அவள் போடுகிற கூச்சலில் எங்கள் அம்மா என்னைத் தேடி வந்துவிடும். தாலி ஏறின அன்றைக்கு அந்தப் பெயரை விட்டவள்தான்.

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, “அப்ப நான்தான் பிழையான கேள்வி கேட்டிட்டன்” என்றாள். எனக்கோ பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சந்தோஷம். சொல் வராதவள் வாயைத் திறந்துகொண்டல்லவா தடுமாறுவாள்? இவள் மூடினாள். நான் யார் என்று அவளுக்குத் தெரிகிறது, நான் அவள் புருஷன், அதனால் சொல்ல மாட்டாள். அந்த மூடின உதட்டைப் பார்த்து ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பானா என்று தெரியவில்லை. பண்டாரவளையில் இறங்கி அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். மகள் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வாங்கிவந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் அருமையாக அடித்தது. இவளை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்து, பெட்டியை ஜன்னலில் ஏற்றி, தோல்பை வாத்தியத்தை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டேன். எங்கள் வீடு ரோட்டோரம், கீழே லயங்கள். சத்தம் மலைச்சரிவில் இறங்கிப் போய்விட்டது. எங்கள் சனங்களுக்குச் சொல் இல்லாமல் இழுத்து இழுத்து வாத்தியம் மட்டும் கேட்டால் ஒரே அர்த்தம்தான். பெரிய ஆள் யாராவது செத்தால் ரேடியோவில் போடுவார்களே, அது. இங்கே யார் வீட்டிலிருந்து வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். வாத்தியார் வீடு. அங்கே படுத்த படுக்கையாக ஆயம்மா. முடிந்தது கதை.

முதலில் கேட்டது ஒப்பாரி. கீழ் லயத்துப் பொம்பிளை ஒருத்தி, அவளுடைய பிள்ளைகள் எல்லாம் இவள் கையில் வளர்ந்தவை, தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறி வருகிறாள்.

“ஏ எங்க ஆயம்மா! எம் புள்ளைக்கு ஊட்டுன கை ஓஞ்சி போச்சா, தொட்டிலெல்லாம் தேடுதே ஒன்ன...”

அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஆம்பிளைகள் தோளில் துண்டோடு. தப்படிக்கிறவரைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசல் திரும்பி, நாற்காலியில் குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்ததும் அந்தப் பொம்பிளைக்கு ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது. “அடியாத்தீ!” என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

என் மனைவி சிரித்தாள். நோய் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தாள். உடம்பு குலுங்க, கண்ணில் நீர் வர, கோணின வாயோடு, சத்தம் போட்டுச் சிரித்தாள். இடது கையை அந்தப் பொம்பிளைப் பக்கம் நீட்டி ஆட்டினாள். ‘நிப்பாட்டாதே, பாடு’ என்கிறாளாம்! “போங்க ஆயம்மா, ஒங்களுக்கு எல்லாம் வெளையாட்டு” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அந்தப் பொம்பிளை அழுதாள், சிரித்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி போட்டேன். “வாத்தியாரே, அடுத்த வாட்டி பாட்டுப் போட முந்தி ஆள் அனுப்பிச் சொல்லிருங்க” என்று ஒருவர் கிண்டல் பண்ணினார். தப்படிக்கிறவர் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார். பாட்டில் குச்சியால் அடிக்கிற தோல் வாத்தியம் ஒன்று வந்ததும், “இவனும் நம்மாளுதான்யா” என்று முழங்காலில் தட்டத் தொடங்கினார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது. சிரிப்புக்குச் சத்தம் வருகிறது என்றால் சொல்லுக்கும் வரும்தானே? தினமும் காலையும் சாயந்தரமும் பாட்டைப் போட்டுவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இ’ என்று ஒரு எழுத்து வந்தாலும் மீதியை நானே போட்டு நிரப்பிக்கொள்வேன்.

மழைக்காலம் தொடங்கினபோது மறுபடியும் ஒரு தாக்கு வந்தது. சின்னதுதான் என்றார்கள். ஆனால் இந்தத் தடவை அது அடித்தது ஞாபகத்தை, ஆட்களைச் சில நேரம் அடையாளம் தெரியாமல் போகும், காலம் குழம்பும் என்றார் டொக்டர். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் தட்டைத் தள்ளவில்லை. உப்பே போடாமல் கொடுத்தாலும் பேசாமல் சாப்பிட்டாள். அந்தக் கோபம் எங்கே போனது என்று எனக்குத் திகிலாக இருந்தது. வாயைத் துடைத்துவிடக் கிட்டப் போனால், முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். குளிருது போல என்று போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். குளிர் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

பாட்டை மட்டும் விடவில்லை. அது தொடங்கினால் முகம் தெளியும். சாயந்தரமானால் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்பாள்.

அன்றைக்கு மகள் வந்திருந்தாள். மழை விட்டுக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. வழக்கம்போல வாசலுக்கு நேரே இரண்டு நாற்காலி போட்டு, அவளை ஒன்றில் உட்கார வைத்துவிட்டு, பெட்டியைத் தட்டிவிட்டேன். முதல் நாள் மழையில் கேட்ட அதே தனி வயலின்தான். ஒத்துச் சேர்ந்தது. குழல் வந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

என் பெயரைச் சொன்னாள்.

இழுபறி இல்லை, தடுமாற்றம் இல்லை. பீலிக்கரையில் நின்று கூப்பிட்ட அதே மாதிரி, கடைசி எழுத்தை நீட்டி.

“அப்பா! அம்மா பேசிட்டாங்கப்பா! ஒங்க பேரச் சொல்லிட்டாங்க!” மகள் துள்ளிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். உடனே போனை எடுத்துக்கொண்டு புருஷனுக்குச் சொல்ல வெளியே ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் பெண்டாட்டி என் பெயரைச் சொல்ல மாட்டாள். செத்தாலும் சொல்ல மாட்டாள். கூப்பிட்டது அவள் இல்லை, தாலி ஏறாத லயத்துப் பிள்ளை. நான் எத்தனையோ கோயிலில் கேட்ட பேச்சு வந்துவிட்டது, என்னைக் கூப்பிட அதில் ஆள் இல்லை. இதற்கு அவள் ஊமையாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

“என்ன புள்ள?” என்றேன். சின்ன வயதில் அப்படித்தான் கேட்பேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “எங்க வீட்டுக்காரரு... வந்துட்டாரா?”

அவளுக்குள் நான் இரண்டு ஆளாகியிருந்தேன், லயத்துப் பையன் ஒருத்தன், அவள் காத்திருக்கிற வீட்டுக்காரர் இன்னொருத்தர். “இன்னும் வரல” என்றேன்.

“பள்ளிக்கூடம் விட்டிருக்குமே.”

“விட்டிருக்கும். வந்துருவாரு.”

தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் குழலைக் கேட்டாள். பிறகு பெட்டியைக் காட்டி, “நிப்பாட்டிறாத” என்றாள். “அவரும் வந்து கேக்கட்டும். நல்லாருக்கு.”

“சரி புள்ள” என்றேன். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனேன். இடது கையை அதன் மேல் வைத்து மறித்தாள். கோபம் இல்லை, மரியாதையாகத்தான் மறித்தாள். அது அவருக்காம்.

நான் வாசல்படியில் போய் உட்கார்ந்து கேட்டேன்.